கப்பல் ஆட்டத்தை எத்தனை செகண்ட் முன்னாடி கணிக்கணும்?

அடையாறு_மாணவன்:
வணக்கம். எம்.டெக் ப்ராஜெக்ட்டுக்கு ஆக்டிவ் ஹீவ் காம்பன்சேஷன் எடுத்திருக்கேன், அதாவது கப்பல் ஏறி இறங்க இறங்க வின்ச் கயிறை விட்டு இழுத்து, அடியில தொங்குற லோடை ஆடாம வெச்சுக்கிறது. எம்ஆர்யூ (கப்பலோட அசைவை அளக்குற கருவி) சென்சார்தான் ஆட்டத்தை அப்பப்பவே சொல்லுதே, அப்புறம் எதுக்கு ப்ரெடிக்ஷன்? சிலர் ஒரு செகண்ட் போதும்ங்கிறாங்க, சிலர் ஒரு நிமிஷம் வேணும்ங்கிறாங்க. ஒண்ணும் புரியல.

வின்ச்_டெக்:
தம்பி, சென்சார் சொன்னதும் வின்ச் நகர்ந்துடாது. ஃபில்டர், கன்ட்ரோலர், ஹைட்ராலிக் வால்வுன்னு எல்லா இடத்துலயும் கொஞ்சம் லேட் ஆகும். 8 செகண்ட் அலைல கப்பல் நடுநிலைல இருந்து 1 மீட்டர் மேல, 1 மீட்டர் கீழ போகுதுன்னு வை, நடுவுல வேகம் செகண்டுக்கு கிட்டத்தட்ட 80 செ.மீ., நீ அரை செகண்ட் பின்தங்குனா லோடு 40 செ.மீ. ஆடும். கடல் தரைல ஒரு சாமானை மெதுவா உக்கார வைக்கிறப்ப அது நேரா இடிதான். அந்த லேட்டை ஈடு கட்டத்தான் ப்ரெடிக்ஷன், அதுக்கு ஆட்டோரெக்ரெசிவ் மாடலோ (முந்தின அளவுகளை வெச்சே அடுத்ததைக் கணக்கிடுறது) கால்மன் ஃபில்டரோ (கணிப்பையும் சென்சார் அளவையும் சேர்த்துத் திருத்திக்கிறது) நல்லாவே போதும், எடுத்ததும் நியூரல் நெட்வொர்க்குக்கு ஓடாத.

இன்னொண்ணு, கணிக்க வேண்டியது கிரேன் முனையோட ஆட்டத்தை. முனை நடுக்கோட்டுல இருந்து 15 மீட்டர் வெளிய நீட்டிருந்தா 3 டிகிரி ரோல்லயே (பக்கவாட்டு சாய்வு) அங்க 80 செ.மீ. வந்துடும்.

வங்கக்கடல்:
ஒரு நிமிஷக் கணக்கு வேற வேலைக்கு. நம்ம பள்ளிக்கரணை என்ஐஓடியோட (தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம்) சாகர் நிதி மாதிரி ஆராய்ச்சிக் கப்பல்ல இருந்து ஒரு நீர்மூழ்கி வண்டியை தண்ணில இறக்கணும்னா, அது அலை அடிக்கிற மேல்மட்டத்தைத் தாண்டுற அந்தக் கொஞ்ச நேரம்தான் ஆபத்து. அடுத்து கடல் எப்ப கொஞ்சம் அடங்கும்னு தெரியணும். கப்பலோட பழைய ஆட்டத்தை வெச்சு அவ்ளோ தூரம் போக முடியாது, ஏன்னா வரப்போற அலை இன்னும் கப்பலைத் தொடவே இல்ல. அதனால எக்ஸ் பேண்ட் ரேடார்ல (கப்பல்கள்ல இருக்குற ஒரு வகை ரேடார்) தூரத்து அலையைப் பாக்குறாங்க. ஆழ்கடல்ல 10 செகண்ட் அலைக்கூட்டம் செகண்டுக்கு 8 மீட்டர் கிட்ட நகரும், 2 கிலோமீட்டர் தள்ளிப் பாத்தா அது வந்து சேர நாலு நிமிஷம், ஆனா பல திசை அலை கலக்குறதால கையில கிடைக்கிறது அதைவிடக் குறைவு.

அடையாறு_மாணவன்:
ரொம்ப நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். அப்போ நான் ஒரு செகண்ட் கணக்கையே எடுத்துக்கிறேன். டேட்டாவை முதல்ல ஸ்மூத் பண்ணிட்டு ட்ரெயின் பண்ணலாமா?

வின்ச்_டெக்:
மொத்த டேட்டாவையும் முன்னும் பின்னும் ஓட்டி ஸ்மூத் பண்ணாத, அதுல எதிர்காலம் உள்ள கசிஞ்சுடும், ரிசல்ட் அழகா வரும், கப்பல்ல ஏத்துனா காலை வாரிடும். அந்த நொடி வரைக்கும் கிடைச்சதை மட்டும் வெச்சு ஃபில்டர் பண்ணு.