‘ஃபயர்’ பற்றி 1998இல் தமிழில் வந்தவை தேவை

தெற்காசியத் திரைப்படப் பண்பாட்டை, பாலினம், பாலீர்ப்பு பற்றிய வழக்கமான எண்ணங்களைக் கேள்வி கேட்கும் குயர் கோட்பாட்டின் வழியே ஆராய்கிறேன். தீபா மேத்தா இயக்கிய ‘ஃபயர்’ படம் பற்றிய அத்தியாயம் ஆறு மாதமாக நகரவில்லை.

படம் 1998 நவம்பரில் இந்தியாவில் வெளியானது. இரு பெண்களின் காதலைச் சொன்னதற்காக டிசம்பரில் மும்பையிலும் டெல்லியிலும் திரையரங்குகள் தாக்கப்பட்டன. தாக்குதலைக் கண்டித்து டெல்லி ரீகல் அரங்கின் முன் பெண்கள் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றார்கள். இவற்றுக்கு ஆங்கிலச் செய்திகள் கைவசம் உண்டு. தமிழில் பேசியவர்களின் குரல்தான் இல்லை. அது இல்லாமல் எழுத மனம் வரவில்லை.

சென்னையில் இரண்டு நூலகங்களில் நாளிதழ்த் தொகுப்புகளைப் புரட்டினேன். சிற்றிதழ்களில் அந்த மாதங்களே விடுபட்டிருக்கின்றன. பழைய புத்தகக் கடைகளிலும் கேட்டுவிட்டேன்.

1998 நவம்பர் முதல் 1999 மார்ச் வரை வந்த தமிழ் விமர்சனம், வாசகர் கடிதம், துண்டறிக்கை ஏதேனும் உங்களிடம் இருக்கிறதா?