37 வயதில் முதல் ஒலிம்பிக்: கோஷி கசுஹிரோ 45 வரை எப்படிச் சறுக்கினார்?

கேள்வி: வெள்ளவத்தை ஓட்டக்காரன்

வணக்கம். பாடசாலைக் காலத்தில் 100 மீற்றர் ஓடியவன் நான். இப்போதும் வாரத்தில் மூன்று நாள் விடியுமுன் காலி வீதியைக் கடந்து கடற்கரையோரம் ஓடுகிறேன். மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிக்கு ஆயத்தமாகலாம் என்று ஒரு பயிற்றுநரைத் தேடிப் போனேன். வயதைக் கேட்டார். 37 என்றேன். "இனி வேக ஓட்டம் எதற்கு? வேகநடைக்கு வாருங்கள்" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதன்பிறகுதான் ஜப்பானின் ஸ்கெலிட்டன் (பனித்தடத்தில் சிறு வண்டியில் தலை முன்னே குப்புறப் படுத்துச் சறுக்கும் விளையாட்டு) வீரர் கோஷி கசுஹிரோவைப் பற்றி அறிந்தேன். 2002இல் சால்ட் லேக் சிட்டியில் அவருக்கு முதல் ஒலிம்பிக். அப்போது வயது 37, எட்டாம் இடம். 2006 டுரினில் பதினோராம் இடம். 2010 வன்கூவரில் 45 வயதில் இருபதாம் இடம். ஓடித் தொடங்கும் விளையாட்டில் இது எப்படி முடிந்தது? பனியை நேரில் கண்டிராதவனுக்கு யாராவது விளக்குவீர்களா?

பதில்: கொட்டாஞ்சேனைவாசி

அவர் மட்டுமல்ல. டுரினில் தங்கம் வென்ற கனடாவின் டஃப் கிப்சனுக்கு அப்போது 39 வயது. 2018இல் நைஜீரியாவுக்காகச் சறுக்கிய சிமிடெலே அடேக்போ, முப்பாய்ச்சல் வீராங்கனையாக இருந்தவர். 36 வயதில் பனிக்கு வந்தார். அந்தப் பயிற்றுநரின் பேச்சை மறந்துவிடுங்கள்.

பதில்: மலைநாட்டுப் பொறியாளர்

தம்பி, நான் ஜப்பானின் நாகானோவில் ஏழு வருடம் வேலை செய்தவன். இப்போது தெஹிவளையில் இருக்கிறேன். இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஆசை.

ஒரு குளிர்காலத்தில் சக தொழிலாளி ஒருவர் என்னை ஈசுனா மேட்டிலுள்ள 'ஸ்பைரல்' தடத்துக்குக் கூட்டிப் போனார். 1998 ஒலிம்பிக்குக்காகக் கட்டியது. வேலியோரம் நின்றேன். முதலில் வந்தது சத்தம்தான், தகரத்தைச் சீமெந்துத் தரையில் இழுப்பது போல. திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் போய்விட்டார். தலை முன்னே, குப்புறப் படுத்த நிலை, நாடி பனியை உரசும் அளவுக்குத் தாழ்வு. வண்டியில் பிரேக் இல்லை. மணிக்கு 120 கிலோமீற்றரையும் தாண்டுவார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓட்டம் என்பது முதல் முப்பது மீற்றர் அளவுதான். முட்பாதணி அணிந்து, குனிந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிப் பாய்ந்து படுக்க வேண்டும். அங்கே இளைஞர்கள் முந்துவார்கள், அதை மறைப்பதற்கில்லை. அங்கே இழந்த பத்தில் ஒரு செக்கன் அடிவாரம் வரும்போது பெருகியும் விடும். ஆனால் படுத்த பிறகு கால்களுக்கு வேலையில்லை. தோளையும் முழங்காலையும் மெல்ல அழுத்தித்தான் வளைவுக்குள் போக வேண்டும். பதற்றத்தில் கூடுதலாக அழுத்தினால் வண்டியின் அடியிலுள்ள உருக்குச் சட்டம் பனியைக் கீறும், வேகம் போய்விடும். எந்த வளைவில் அழுத்துவது, எதில் சும்மா கிடப்பது என்பது பல வருடம் சறுக்கியவனுக்குத்தான் வரும்.

ஸ்பைரலில் இரண்டு இடத்தில் தடம் மேல்நோக்கி ஏறும். மேலே சுவரில் ஒருமுறை இடித்திருந்தால் அந்த ஏற்றத்தில் வண்டி தளர்வதை வேலியோரம் நிற்பவர்களே காணலாம். அந்தத் தடத்தில்தான் 2000ஆம் ஆண்டு கோஷி உலகக் கோப்பைப் பந்தயம் ஒன்றை வென்றார். ஸ்கெலிட்டன் உலகக் கோப்பையில் ஜப்பானியர் ஒருவர் பெற்ற முதல் வெற்றி அது.

அவர் நாகானோவின் கிசோ மலைப்பகுதியில் பிறந்தவர். முதலில் பொப்ஸ்லெட் (பலர் உட்கார்ந்து சறுக்கும் பனிவண்டி) வீரர். சொந்த மண்ணில் 1998இல் ஒலிம்பிக் நடந்தபோது அவருக்கு 33 வயது, ஆனால் ஸ்கெலிட்டன் போட்டியே அங்கு இல்லை. 1928இலும் 1948இலும் சுவிட்சர்லாந்தின் சென் மொரிட்ஸில் நடந்ததோடு நின்றுபோய், 2002இல்தான் திரும்பி வந்தது. வீட்டு வாசலில் நடந்த திருவிழாவை வெளியே நின்று பார்த்துவிட்டு, இன்னும் நான்கு வருடம் உடலைக் காத்து வைத்திருந்தார். எட்டாம் இடத்தைவிட அந்த நான்கு வருடத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

டுரின் போட்டியின்போது ஜப்பானியப் பத்திரிகைகள் அவரை 'நடுவயதினரின் நட்சத்திரம்' என்றன. எங்கள் தொழிற்சாலையில் நாற்பதைத் தாண்டியவர்கள் பலர். நள்ளிரவு கடந்தும் விழித்திருந்து பார்த்துவிட்டு, காலையில் சிவந்த கண்ணோடு வேலைக்கு வந்தோம்.

வன்கூவரில் அவர் பெற்ற இருபதாம் இடத்தைக் குறைவாக எண்ணாதீர்கள். அந்தப் போட்டி நடந்த விஸ்லர் மிக வேகமான தடம். முன்பு இரண்டு சுற்றாக இருந்த போட்டி அங்கே நான்கு சுற்றானது. 45 வயதில் நான்கு முறையும் அடிவாரம் சேர்ந்தார்.

ஸ்பைரலில் 2018க்குப் பிறகு பனி உறைய வைப்பதில்லை. செலவு தாங்கவில்லை. அந்தச் செய்தியைக் கேட்ட நாள் எனக்கு மனம் கனத்தது.

வெள்ளவத்தை ஓட்டக்காரன்

ஐயா, இரண்டு முறை வாசித்தேன். முப்பது மீற்றர் என்று நீங்கள் சொன்னதும் இன்று காலை கடற்கரையில் அடியெண்ணி அளந்து, இரு முனையிலும் செருப்பை வைத்துவிட்டு எட்டுத் தடவை ஓடினேன். புறப்படும்போது உடல் சீக்கிரமே நிமிர்ந்துவிடுகிறது. வண்டியைத் தள்ளுபவர்கள் அவ்வளவு தூரமும் குனிந்தே ஓடும்போது பார்வையை எங்கே வைத்திருப்பார்கள்?

மலைநாட்டுப் பொறியாளர்

நான் வேலியோரம் நின்று பார்த்தவன் மட்டுமே, தம்பி. கண்டதைச் சொல்கிறேன்: தலை தாழ்ந்தே இருக்கும், முதுகு தட்டையாக இருக்கும், வண்டியில் படுக்கும்வரை யாரும் நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் அந்தப் பக்கம் நடக்க வருவேன். கைக்கடிகாரத்தைக் கொண்டுவருகிறேன், நேரம் பிடித்துத் தருகிறேன்.