வில்லியம் ஹார்ட் வீட்டுக்கு அப்பாவைக் கூட்டிப்போக வழி சொல்லுங்கள்

வணக்கம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது நியூஹாலில் உள்ள வில்லியம் எஸ். ஹார்ட் பண்ணை வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா?

ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா அடுத்த மாதம் எங்களிடம் வருகிறார். சார்லஸ் ரஸ்ஸல் வரைந்த குதிரைகள் என்றால் அவருக்கு உயிர். இதுவரை அச்சில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். மௌனப்பட கௌபாய் நடிகரான ஹார்ட், ரஸ்ஸலின் நண்பர். அவர் சேர்த்த ரஸ்ஸல், ரெமிங்டன் ஓவியங்களும் நவஹோ பழங்குடியினர் நெய்த கம்பளங்களும் அந்த வீட்டிலேயே இருக்கின்றன. காசு கொடுத்துத் தன் படங்களைப் பார்த்த மக்களுக்கே வீடு போய்ச் சேர வேண்டும் என்று விரும்பி, லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்கு (மாவட்ட நிர்வாகத்துக்கு) எழுதி வைத்துவிட்டு 1946-ல் இறந்தார். எவ்வளவு பெரிய மனசு!

சிக்கல் இதுதான். வீடு குன்றின் மேல் இருக்கிறது, அப்பாவுக்கு மூட்டுவலி. மேலே வரை வண்டி போக விடுவார்களா? முன்கூட்டிச் சொல்ல வேண்டுமா? இப்போது உள்ளே அனுமதிக்கிறார்களா? ஓவியங்களின் முன் உட்கார்ந்து கோட்டோவியம் போட விடுவார்களா? பென்சில் மட்டும் போதும் அவருக்கு.

அப்புறம், 1962-ல் வால்ட் டிஸ்னி கொடுத்த காட்டெருமைகளின் மந்தையை எங்கிருந்து நன்றாகப் பார்க்கலாம்? பேரனுக்கு அதுதான் முக்கியம்.

சமீபத்தில் போனவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.