"நார்மல்"னு எல்லா சப்ஜெக்ட்லயும் வருதே, எல்லாம் ஒண்ணா வேற வேறயா?

செமஸ்டர்_சுமை:
எல்லாருக்கும் வணக்கம். இது ரொம்ப நாளா மண்டைய குடையுது, தேடிப் பாத்தா ஒவ்வொரு சப்ஜெக்டுக்கும் தனித்தனியா பதில் வருதே தவிர மொத்தமா சேத்து யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. பிசிக்ஸ்ல நார்மல் ஃபோர்ஸ், கணக்குல வளைகோட்டுக்கு நார்மல் வரையணும், கெமிஸ்ட்ரி லேப்ல 0.1 நார்மல் சொல்யூஷன், ஸ்டாட்ஸ்ல நார்மல் டிஸ்ட்ரிப்யூஷன், டேட்டாபேஸ்ல தேர்ட் நார்மல் ஃபார்ம். இதுக்கு நடுவுல பிளட் டெஸ்ட் ரிப்போர்ட் வந்தா "எல்லாம் நார்மல்". ஒண்ணோட அர்த்தத்த எடுத்து இன்னொண்ணுல போட்டா சுத்தமா ஒட்டல. இதெல்லாம் ஒரே வேர்ல இருந்து வந்ததா, இல்ல பேர் வைக்க வேற வார்த்தை கெடைக்காம ஆளாளுக்கு இதையே எடுத்துக்கிட்டாங்களா? தனித்தனியா மனப்பாடம் பண்றதுதான் வழின்னா அதையும் சொல்லிடுங்க, பண்ணித் தொலைக்கிறேன்.

கோணமானி:
வேர் ஒண்ணுதான், ஆனா அது ரெண்டு கிளையா பிரிஞ்சிருச்சு, குழப்பமே அங்கதான். லத்தீன்ல "நார்மா"ன்னா தச்சர் கையில இருக்கற மூலைமட்டம். ரெண்டு சட்டம் சரியா 90 டிகிரில சேந்திருக்குமே, அதேதான். இப்ப அந்தக் கருவிய பத்தி ரெண்டு விதமா யோசிக்கலாம். அது என்ன வடிவம்னு கேட்டா செங்கோணம். எதுக்கு வெச்சிருக்காங்கன்னு கேட்டா, செஞ்சது சரியா வந்திருக்கான்னு ஒப்பிட்டுப் பாக்க. வடிவத்த எடுத்துக்கிட்டது ஜியாமெட்ரியும் பிசிக்ஸும். ஒப்பிடுறத எடுத்துக்கிட்டது மத்த எல்லாரும்.

முதல் கிளை சுலபம், பரப்புக்கு செங்குத்தா இருந்தா நார்மல், முடிஞ்சது. நார்மல் ஃபோர்ஸ் "சாதாரண விசை" இல்ல, மேசை தன் பரப்புக்கு செங்குத்தா பொருள தள்ளுற விசை. இத வழக்கமான விசைன்னு மனசுல வெச்சுக்கறவங்கதான் எந்தக் கணக்கு வந்தாலும் கண்ண மூடிட்டு எம்ஜின்னு (அதாவது பொருளோட எடை) எழுதி வெச்சுட்டு மார்க்க விட்டுட்டு வருவாங்க. சாய்தளத்துல அது எம்ஜி காஸ் தீட்டா. வேகமெடுத்து மேல கெளம்புற லிஃப்ட்ல எம்ஜிய விட ஜாஸ்தி. ஒரு புத்தகத்த செவுத்தோட சேத்து கையால அழுத்திப் பிடிங்க, இப்ப நார்மல் ஃபோர்ஸ் படுக்கைவாட்டுல இருக்கு, நீங்க எவ்வளவு அழுத்துறீங்களோ அவ்வளவு, புத்தகத்தோட எடை அதுக்குள்ள வரவே இல்ல. ஒளி விலகல்ல கோணத்த பரப்புலேர்ந்து அளக்காம நார்மல்லேர்ந்து அளக்கச் சொல்றாங்களே, அதுவும் இதே செங்குத்துக் கோடுதான்.

கம்ப்யூட்டர் கேம் உருவாக்குறவங்களுக்கு இது தினசரி சோறு. உருவத்த ஆக்குற ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஒரு நார்மல் இருக்கும், அது வெளிச்சம் வர்ற திசையோட எவ்வளவு ஒத்துப்போகுதோ அந்த எடம் அவ்வளவு பிரகாசம். நார்மல் மேப் (பரப்புல எந்த எடம் எந்தப் பக்கம் பாக்குதுன்னு நெறமா எழுதி வெச்சது) படம் எல்லாம் ஒரு மாதிரி ஊதா கலந்த நீலமா இருக்கறதும் அதனாலதான், நேரா வெளிய பாக்குற நார்மல சிவப்பு 128, பச்சை 128, நீலம் 255னு நெறமா மாத்தி எழுதுறாங்க.

ரெண்டாவது கிளைல ஒண்ணு கவனிங்க, "வழக்கமானது"ங்கற அர்த்தம் இங்கிலீஷ்ல பரவலானது 19ஆம் நூற்றாண்டுலதான். அதுக்கு முன்னாடியே 1794ல பாரிஸ்ல "எகோல் நார்மால்"னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. சாதாரணப் பள்ளிக்கூடம்னு அர்த்தம் இல்ல. எப்படிச் சொல்லிக்கொடுக்கணும்ங்கற முறைய ஆசிரியர்களுக்குக் கத்துக்கொடுக்கற எடம். ஆக "நார்மல்"னு பாத்தா "எதோட ஒப்பிட்டு?"ன்னு கேளுங்க, பாதி விஷயம் அதுலயே தெளிஞ்சிரும்.

டைட்ரேஷன்_தாத்தா:
கோணமானி சொன்னது சரி, கெமிஸ்ட்ரி பக்கம் நான் சொல்றேன். பிள்ளைங்க நார்மாலிட்டிய மோலாரிட்டியோட (லிட்டருக்கு எத்தன மோல்ங்கறது) போட்டு குழப்பிக்கறதுக்கு காரணம், அது எதுக்கு வந்துச்சுன்னு யாரும் சொல்றதில்ல. ஒண்ணோடொண்ணு வினைபுரியற ரெண்டு கரைசல் ஒரே நார்மாலிட்டில இருந்தா சம கன அளவு எடுத்து கலந்தா ரெண்டும் மிச்சமில்லாம சரியா தீந்துபோகும், அவ்வளவுதான் அதோட வசதி, பியூரெட் ரீடிங்க பாத்து மனக்கணக்காவே விடைய சொல்லிடலாம். அதுக்காக லிட்டருக்கு எத்தன ஈக்விவலண்ட்னு (வினைல கைமாறுற ஹைட்ரஜன் அயனி இல்ல எலக்ட்ரான் எத்தன மோல்னு) கணக்கு வைக்கிறோம். சல்ஃபூரிக் ஆசிட் ரெண்டு ஹைட்ரஜன் அயனி குடுக்கும், அதனால 1 மோலார்னா 2 நார்மல்.

இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. பொட்டாசியம் பெர்மாங்கனேட் 0.1 மோலார் பாட்டில் ஒண்ண எடுங்க. அமில ஊடகத்துல அது 5 எலக்ட்ரான் வாங்கும், அப்ப அது 0.5 நார்மல். நடுநிலை ஊடகத்துல 3தான் வாங்கும், அப்ப 0.3 நார்மல். பாட்டில் அதே பாட்டில், உள்ள இருக்கற சரக்கும் அதே சரக்கு, நீங்க எதுல ஊத்தப்போறீங்கங்கறத வெச்சு லேபிள் மாறுது! இதனாலதான் ஐயுபிஏசி (வேதியியலுக்கான உலக அமைப்பு) இந்த அளவ விட்டுட்டு மோலாரிட்டிக்கு வரச்சொல்லுது. ஆனா லேப் மேனுவல்ல இருக்கற வரைக்கும் படிச்சுத்தான் ஆகணும், வேற வழியில்ல.

இன்னொண்ணு, நார்மல் ஹெக்சேன்னு பாட்டில்ல போட்டிருந்தா அதுக்கும் நார்மாலிட்டிக்கும் சம்பந்தமில்ல. கிளை இல்லாம நேர் சங்கிலியா இருக்கற ஹெக்சேன்னு அர்த்தம்.

ராத்திரி_ஷிஃப்ட்:
தாத்தா நீங்க நார்மல் சலைன விட்டுட்டீங்களே, எங்க ஆஸ்பத்திரி ஆளுங்களுக்கு அதான் பெரிய காமெடி. நார்மல் சலைன்னா 0.9 சதவீத உப்புக் கரைசல், லிட்டருக்கு 9 கிராம். கெமிஸ்ட்ரி அர்த்தத்துல 1 நார்மல் சோடியம் குளோரைடுன்னா லிட்டருக்கு 58.5 கிராம், ஆறு மடங்குக்கு மேல! அத ஒருத்தருக்கு ஏத்தினா என்ன ஆகும்னு யோசிச்சே பாக்க வேணாம். சரி ரத்தத்துல இருக்கற மாதிரியே இருக்கறதால நார்மல்னு சொல்றாங்களான்னா அதுவும் முழுசா உண்மை இல்ல. சிவப்பணு ஊதிப்போகாம சுருங்காம இருக்கும், அது வரைக்கும் ஓகே. ஆனா குளோரைடு லிட்டருக்கு 154 மில்லிமோல், ரத்தத்துல ஏறக்குறைய 100தான். லிட்டர் கணக்கா ஏத்தினா ரத்தம் அமிலத்தன்மை பக்கம் சாயும். எந்தக் கணக்குல பாத்தாலும் நார்மல் இல்லாத ஒரு சலைன், பேரு மட்டும் நார்மல்.

பிளட் ரிப்போர்ட் பத்தி கேட்டீங்க. பக்கத்துல ஒரு ரேஞ்ச் போட்டிருக்கும்ல, நெறைய டெஸ்டுக்கு அது எப்படி வந்ததுன்னா, ஆரோக்கியமா இருக்கற நெறைய பேர எடுத்து அளந்து நடுவுல இருக்கற 95 சதவீதம் பேரோட மதிப்ப எல்லையா வெச்சிடுறாங்க. அப்படின்னா என்ன, நல்லா இருக்கற ஆள்லயே 100க்கு 5 பேர் வெளிய விழுவாங்க, அப்படி விழணும்னுதான் எல்லையே போட்டிருக்கு. ஒண்ணோடொண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தா ஒரு நோயும் இல்லாத ஆளுக்கே ஏதாவது ஒண்ணாவது தடிச்ச எழுத்துல வர வாய்ப்பு 64 சதவீதம். அத பாத்துட்டு ராத்திரியெல்லாம் தூங்காம இன்டர்நெட்ல நோய் தேடுறவங்க எத்தன பேர். அதுக்காக வெளிய இருக்கறத எல்லாம் கண்டுக்காதீங்கன்னு அர்த்தம் இல்ல, எவ்வளவு தூரம் வெளிய இருக்கு, போன தடவ என்ன இருந்துச்சுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

சும்மா_வந்தேன்:
நார்மல்னா ஆவரேஜ். அவ்ளோதானே. எதுக்கு இவ்ளோ பெரிய கட்டுரை

ராத்திரி_ஷிஃப்ட்:
@சும்மா_வந்தேன் இல்லங்க. பிளட் பிரஷர எடுத்துக்கோங்க, 120/80க்குக் கீழ நார்மல்னு அமெரிக்க வழிகாட்டுதல்ல போட்டிருக்கறது ஊர்ல பெரும்பாலானவங்களுக்கு அவ்வளவு இருக்குங்கறதால இல்ல, அதுக்கு மேல போகப் போக இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து ஏறுதுங்கறதால. ஒரு கூட்டத்துல பாதிக்கு மேல ஆளுங்களுக்கு பிரஷர் அதிகமா இருந்தா அங்க அதிகமா இருக்கறதுதான் சகஜம், ஆனா அது நார்மல் ஆகிடாது. சொத்தைப் பல்லும் அப்படித்தான். ஒரே ரிப்போர்ட்லயே ஒரு வரி "பெரும்பாலானவங்க எப்படி", இன்னொரு வரி "எப்படி இருந்தா நல்லது". ரெண்டுக்கும் மேல ஒரே தலைப்பு.

மேகமூட்டம்:
வானிலைல வேற கதை. "வெப்பம் நார்மல விட ஜாஸ்தி"னு செய்தில சொல்றாங்களே, அந்த நார்மல் 30 வருஷ சராசரி, இப்ப உலக அளவுல 1991லேர்ந்து 2020 வரைக்கும் உள்ளத எடுக்கறாங்க, பத்து வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிப்பாங்க. பூமி சூடாயிட்டே வர்றதால நார்மலும் கூடவே ஏறுது. பழைய நார்மலோட ஒப்பிட்டா அதிக வெப்பம்னு சொல்லியிருப்பாங்க, அதே வெப்பத்த புது நார்மலோட வெச்சா ஒண்ணுமில்லாத மாதிரி தெரியும். அதனால கோணமானி சொன்ன "எதோட ஒப்பிட்டு"ங்கறதோட "எந்த வருஷத்தோட"ன்னும் சேத்துக் கேக்கணும்.

டேபிள்_ஜாயின்:
டேட்டாபேஸ் நார்மல் ஃபார்ம்ல சராசரியும் இல்ல செங்குத்தும் இல்ல. இந்த நிபந்தனைக்கு உட்பட்டு இருக்கணும்னு ஒரு விதி, டேபிள் அந்த விதிக்குள்ள வந்துட்டா அந்த ஃபார்ம்ல இருக்குன்னு சொல்றோம், மூலைமட்டத்த வெச்சுப் பாத்து ஓகே சொல்ற வேலைதான். எட்கர் காட்ங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1970ல ரிலேஷனல் மாடல (தகவல டேபிள்களா வைக்கற முறைய) எழுதினாரு, அடுத்த வருஷமே ரெண்டாவது மூணாவது நார்மல் ஃபார்ம் வந்துருச்சு. ஒரே தகவல நாலு எடத்துல எழுதி வெச்சு, ஒரு எடத்துல மாத்திட்டு மூணு எடத்துல மறந்துட்டா எது உண்மைன்னு தெரியாம போகும்ல, அத தடுக்கறதுதான் நோக்கம். காமெடி என்னன்னா ஓடிக்கிட்டிருக்கற பெரிய சிஸ்டம்ல வேகத்துக்காக வேணும்னே டீநார்மலைஸ் பண்ணி (அந்த விதிய மீறி ஒரே தகவல பல எடத்துல எழுதி) வெச்சிருப்பாங்க, அப்புறம் எங்கள மாதிரி ஆளுங்க உக்காந்து எண்ணிக்கை ஏன் ஒத்துவரலன்னு தேடிக்கிட்டிருப்போம்.

ஈஎஸ்சி_அமுக்கு:
விம்ங்கற டெக்ஸ்ட் எடிட்டர்ல நார்மல் மோடுன்னு ஒண்ணு இருக்கு. அதுல இருக்கறப்ப டைப் பண்ணா எழுத்து விழாது. நன்றி வணக்கம்.

பைத்தியக்கார_பை:
ப்யூர் மேத்ஸ்ல இன்னும் மோசம். 1909ல போரெல்ங்கற கணிதக்காரர் "நார்மல் எண்"ணுன்னு ஒண்ண வரையறுத்தாரு, தசம பின்னத்துல எல்லா இலக்கமும் சமமா வரணும், எல்லா ரெண்டு இலக்க ஜோடியும் சமமா வரணும், மூணு இலக்கமும் அப்படியே, எந்த அடிமானத்துல எழுதினாலும். கிட்டத்தட்ட எல்லா எண்ணும் நார்மல்னு அவரே நிரூபிச்சாரு. ஆனா பை நார்மலா? தெரியாது. ரூட் 2? தெரியாது. 1933ல சாம்பர்நௌன் 0.123456789101112...ன்னு எண்கள வரிசையா ஒட்டி எழுதி, இது 10 அடிமானத்துல நார்மல்னு நிரூபிச்சாரு. செஞ்சு வெச்சதுக்கு நிரூபணம் இருக்கு, பைக்கு மட்டும் இன்னும் இல்ல.

அப்புறம் வெக்டார்கள பத்தி சொல்ற ஆர்த்தோநார்மல். "ஆர்த்தோ"தான் அங்க செங்குத்து, "நார்மல்" அங்க நீளம் 1னு அர்த்தம். நார்மல் வெக்டார நார்மலைஸ் பண்ணுன்னா செங்குத்தா இருக்கறத எடுத்து நீளத்த 1 ஆக்குன்னு அர்த்தம். ஒரே வாக்கியத்துல ரெண்டு கிளையும்.

செமஸ்டர்_சுமை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, தாத்தா சொன்ன பெர்மாங்கனேட் மேட்டர் இப்பதான் புரியுது, லேப்ல ஏன் மீடியம் எழுதலன்னு திட்டுவாங்கன்னு. ஸ்டாட்ஸ் பத்தி மட்டும் யாரும் சொல்லல, எனக்கு அதான் உண்மையான தலைவலி. ரெக்ரஷன் (டேட்டாவுக்குப் பொருந்துற கோடு போடுறது) பாடத்துல "நார்மல் ஈக்வேஷன்" வருது, அதே பாடத்துல "எரர் நார்மலா இருக்கணும்"னு வருது. ரெண்டும் ஒண்ணா? நார்மல் ஈக்வேஷன் போட்டுட்டா எரர் நார்மல்னு ஆகிடுமா?

கோணமானி:
நல்ல கேள்வி, ரெண்டு கிளையும் முட்டிக்கிற எடமே இதுதான்.

முதல்ல நார்மல் டிஸ்ட்ரிப்யூஷன். அந்த மணி வடிவ வளைவ 1733லயே டிமாய்வர் கண்டுபிடிச்சாரு, 1809ல காஸ் வானியல் அளவீடுகள்ல வர்ற பிழைக்கு பயன்படுத்தினாரு. அதுக்கு நார்மல்னு பேர் ஒட்டினது 1870கள் வாக்குல, அத பரப்பினதுல கார்ல் பியர்சனுக்கு பெரிய பங்கு. பின்னாடி அவரே, இந்தப் பேர் வெச்சதால மத்த வளைவெல்லாம் ஏதோ கோளாறு உள்ளதுன்னு ஆளுங்க நெனச்சுக்கறாங்கன்னு எழுதினாரு. வருமானம், நகரங்களோட மக்கள்தொகை எல்லாம் இந்த வளைவுல ஒக்காராது, ஒரு பக்கமா நீண்ட வால் இருக்கும், அதுல கோளாறு ஒண்ணும் இல்ல.

இப்ப உங்க ரெக்ரஷன். நார்மல் ஈக்வேஷன்ல இருக்கறது செங்குத்து. உங்க எக்ஸ் (கணிக்கப் பயன்படுத்துற அளவுகள்) நெடுவரிசைகள் சேந்து ஒரு தளத்த உண்டாக்குது, ஒய் (கணிக்க வேண்டியது) அந்தத் தளத்துக்கு வெளிய எங்கயோ நிக்குது. ஒய்லேர்ந்து தளத்துக்கு மிகக் குறைஞ்ச தூரம் எதுன்னா செங்குத்தா எறக்குற கோடு. அந்தக் கோடுதான் ரெசிடுவல், அதாவது உண்மையான ஒய்க்கும் கணிச்ச ஒய்க்கும் உள்ள வித்தியாசம். அது ஒவ்வொரு நெடுவரிசைக்கும் செங்குத்துன்னு எழுதினா கெடைக்கறதுதான் நார்மல் ஈக்வேஷன். இது எந்த டேட்டாக்கும் நடக்கும், குப்பை டேட்டா குடுத்தாலும் ரெசிடுவல் செங்குத்தாத்தான் வரும், ஏன்னா நீங்க அப்படித்தான் கணக்கு போட்டீங்க.

எரர் நார்மலா இருக்கணும்ங்கறது மணி வளைவு. அது டேட்டா பத்தி நீங்க வெக்கற அனுமானம், கணக்கு போட்டதால தானா வராது. அது இல்லாட்டியும் கோடு போடலாம், சின்ன சாம்பிள்ல டி டெஸ்டும் கான்ஃபிடன்ஸ் இன்டர்வலும் நம்பகமா வரணும்னாதான் அது வேணும். செக் பண்ணணும்னா ரெசிடுவல எடுத்து கியூகியூ ப்ளாட் (மணி வளைவோட ஒப்பிட்டுப் பாக்கற வரைபடம்) போடுங்க, நேர்கோட்டுல ஏறக்குறைய ஒக்காந்தா சரி, ரெண்டு ஓரமும் தூக்கிக்கிட்டோ தொங்கிக்கிட்டோ இருந்தா யோசிங்க. ஒய்யும் மணி மாதிரி இருக்கணும்னு சிலர் ஹிஸ்டோகிராம் போட்டுப் பாத்து பயந்துடுவாங்க, அது தேவையே இல்ல, கேக்கறது எரர பத்தி மட்டும்தான்.

செமஸ்டர்_சுமை:
அப்ப "ரெசிடுவல் நார்மல்"னு எக்ஸாம்ல ட்ரூ ஆர் ஃபால்ஸ் கேட்டா?

பைத்தியக்கார_பை:
செங்குத்துன்னா எப்பவும் ட்ரூ, மணி வளைவுன்னா டேட்டாவ பாக்காம சொல்ல முடியாது. எதுன்னு எழுதாம கேள்வி வந்தா ரெண்டையும் எழுதி வெச்சுட்டு வாங்க, திருத்துறவர் முடிவு பண்ணிக்கட்டும்.