பண்ணைக்குட்டை வெட்டும்போது செப்புக்காசு கிடைத்தது, டிடெக்டர் வைத்து மீதியைத் தேடலாமா?

நொய்யல்காட்டான்:
வணக்கம். கரூர் பக்கம் நொய்யல் ஆற்றை ஒட்டி எங்களுக்கு மூன்று ஏக்கர் மேட்டுக்காடு இருக்கிறது. போன மாதம் பண்ணைக்குட்டை வெட்ட ஜேசிபி விட்டோம். நாலடி ஆழம் போனதும் வண்டி ஓட்டிய தம்பி திடீரென்று இறங்கி வந்து மண்ணில் எதையோ பொறுக்கிக் கொடுத்தார். பார்த்தால் பச்சை பிடித்த வட்டக் காசு, பழைய நாலணா அளவுதான் இருக்கும். வீட்டுக்கு வந்து புளி போட்டுத் தேய்த்ததில் ஒரு பக்கம் ஆள் நிற்பதும் மறுபக்கம் ஆள் உட்கார்ந்திருப்பதும் தெரிகிறது, உட்கார்ந்த ஆளின் கைப்பக்கம் ஏதோ எழுத்து.

அன்று ராத்திரியே ஆன்லைனில் ஒரு மெட்டல் டிடெக்டர் ஆர்டர் போட்டுவிட்டேன், 6,500 ரூபாய். இரண்டு சாயங்காலம் காடு முழுக்க நடந்ததில் கிடைத்தது: சோடா மூடி பதினொன்று, ஆணி, கொழு முனை ஒன்று, கணக்கில்லாமல் பாக்குப் பொட்டலத் தாள். சில இடத்தில் ஒன்றுமே இல்லாமல் சும்மா கத்துகிறது. மெஷின் சரியில்லையா, எனக்குப் பிடிக்கத் தெரியவில்லையா? அப்புறம் முக்கியமானது, இதை யாரிடமாவது சொல்ல வேண்டுமா? வெளியே தெரிந்தால் கவர்மெண்ட் காட்டையே எடுத்துக்கொள்ளும், மூச்சு விடாதே என்கிறார் சித்தப்பா.

செப்பேடு_கரூர்:
தம்பி, முதலில் அந்தப் புளியைத் தூக்கி எறியுங்கள். நூற்றாண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்த செம்பில் மேல் பரப்பு முழுக்கப் பச்சைக் களிம்பாக மாறியிருக்கும், எழுத்தும் உருவமும் பல சமயம் அந்தப் பச்சைப் படலத்தில்தான் நிற்கும். புளியின் அமிலம் அதைத் தின்றுவிடும். பளபளவென்று வரும், ஆனால் வெறும் தகடு. டிஸ்டில்ட் வாட்டரில் சில நாள் ஊறப்போட்டு, மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் மெதுவாக எடுத்தால் போதும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது ராஜராஜன் காசு வகை. எழுத்து நாகரியில் ‘ஸ்ரீராஜராஜ’ என்று இருக்கும். மனசு விடாதீர்கள், அது அபூர்வம் இல்லை. தமிழ்நாடு முழுக்கவும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்த வகை, நாணயக் கண்காட்சிகளில் குவியலாகவே வைத்திருப்பார்கள். உங்கள் காசில் இருக்கும் ஒரே விசேஷம், அது எந்த இடத்தில் எத்தனை அடியில் வந்தது என்று உங்களுக்குத் தெரியும் என்பதுதான். என்னிடம் இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் காசில் பாதிக்கு ‘கரூர்’ என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. வாங்கும்போது கேட்கவில்லையே என்று இப்போது நொந்துகொள்கிறேன்.

எங்கள் ஊரில் டிடெக்டர் என்பதே நேற்று வந்த பொருள். அமராவதி ஆற்றில் வெள்ளம் வடிந்ததும் சல்லடையோடு இறங்கி மணலை அலசி எடுத்தவர்கள்தான் பாதி சங்ககால நாணயவியலுக்குச் சோறு போட்டவர்கள். யானையும் வில் அம்பும் போட்ட சேரர் செப்புக்காசு, ரோமானியச் செப்புக்காசு எல்லாம் அந்த மணலில் வந்தவை. தமிழி (பழைய தமிழ் பிராமி) எழுத்தில் ‘மாக்கோதை’ என்று சேர அரசன் பெயரைப் பொறித்து, ரோம் நாட்டுக் காசைப் பார்த்து அரசன் தலையை அடித்த வெள்ளிக்காசும் கரூர் ஆற்றங்கரைச் சரக்குதான். ஆனால் ஆற்று மணலில் வந்தது எங்கிருந்து உருண்டு வந்ததோ, யாருக்குத் தெரியும். உங்களுடையது அப்படி இல்லை.

கென்ட்_களிமண்:
அண்ணா, நான் இங்கிலாந்தில் ஏழு வருடமாக வார இறுதியில் டிடெக்டர் தூக்குகிறேன். மெஷின் சும்மா கத்துவதற்கு உங்கள் மண்தான் காரணமாக இருக்கும். செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம், கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் தாக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்ப்பது) சரி செய்யும் வசதி இல்லாத மலிவு மெஷின் அதையே உலோகம் என்று நினைத்துக்கொள்ளும். காயிலை, அதாவது மெஷினின் அடியில் இருக்கும் வட்டத் தட்டை, தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், தூக்காமல் சமமாக, மெதுவாக வீசுங்கள். இரண்டு திசையில் வீசினாலும் ஒரே இடத்தில் ஒரே சத்தம் வந்தால்தான் தோண்டலாம். அதுவும் காசு அளவு பொருளை ஒரு சாணுக்குக் கீழே பிடிப்பது இந்த வகை மெஷினுக்குக் கஷ்டம், நாலடியில் கிடப்பதை மேலே நின்று கண்டுபிடிக்கவே முடியாது. ‘ஐந்து மீட்டர் ஆழத்துத் தங்கம் காட்டும்’ என்று யாராவது விற்க வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

இங்கே சட்டம் வேறு. நிலத்துக்காரர் அனுமதி வேண்டும், பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தில் காயிலை வீசுவதே குற்றம், தங்கம் வெள்ளிப் புதையல் என்றால் 14 நாளுக்குள் கரோனர் என்ற அதிகாரியிடம் சொல்ல வேண்டும். 1992இல் சஃபோக் பக்கம் ஹாக்ஸ்ன் என்ற கிராமத்தில் ஒரு விவசாயியின் சுத்தியல் தொலைந்துபோய், அதைத் தேட நண்பர் டிடெக்டரோடு போனார். கிடைத்தது ரோமானியப் புதையல், 14,000க்கு மேல் தங்க வெள்ளிக் காசுகள். கொஞ்சம் எடுத்ததும் அவர் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார், மறுநாளே தொல்லியல்காரர்கள் வந்து மீதியைப் பெட்டி இருந்த நிலையிலேயே எடுத்தார்கள். பெட்டிக்குள் எது எதன் மேல் அடுக்கியிருந்தது என்பது வரை தெரிந்ததற்கு அதுதான் காரணம். அந்தச் சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்.

ஓய்வு_வருவாய்:
சட்டம் கேட்டீர்கள். 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் (ஆமாம், பத்து ரூபாய்தான், அந்தக் காலத்துப் பத்து) கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி. மறைத்தால் பங்கு போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. அந்தச் சட்டம் பேசுவது பொருளைப் பற்றி, காட்டைப் பற்றி இல்லை, சித்தப்பாவிடம் சொல்லுங்கள். கலெக்டர் அந்தப் பொருளை எடுத்துக்கொள்ள முடிவு செய்தாலும் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும்.

இன்னொன்றையும் சித்தப்பா கேட்கட்டும். பொருளுக்கு உரியவர் யாரும் இல்லை என்று முடிவாகி, கண்டெடுத்தவர் வேறு, நிலத்துக்காரர் வேறு என்றால், அவர்களுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. கண்டெடுத்தது ஜேசிபி தம்பி இல்லையா?

அப்புறம், நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக்கூடாது, வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. ‘நல்ல விலை தருகிறேன்’ என்று வாட்ஸப்பில் வருகிறவர்களிடம் ஜாக்கிரதை.

நொய்யல்காட்டான்:
எல்லாருக்கும் நன்றி. முக்கால் பங்கு விஷயத்தைச் சொன்னதும் சித்தப்பா சோற்றில் கை வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். இன்று காலை குட்டையின் கிழக்குச் சுவரை நன்றாகப் பார்த்தேன். மூன்றடிக்குக் கீழே சாம்பல் கோடு மாதிரி ஒரு பட்டை, அதற்குள் பானை ஓடுகள், உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. காசு வந்தது மேற்கு மூலையில். இங்கே கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாமா?

செப்பேடு_கரூர்:
வேண்டவே வேண்டாம்! கறுப்பு சிவப்புப் பானை ஓடு என்றால் அது ராஜராஜனுக்குப் பல நூற்றாண்டு முந்தைய ஆட்கள் சமைத்துச் சாப்பிட்ட இடமாக இருக்கலாம். உங்கள் காசை விட நூறு மடங்கு பெரிய விஷயம் அது, டிடெக்டர் அதற்கு ஒரு சத்தமும் போடாது. அடி அளக்கும் டேப்பைச் சுவரில் தொங்கவிட்டு போட்டோ எடுங்கள். மழை வருவதற்குள் அந்தப் பக்கத்தைத் தார்ப்பாயால் மூடுங்கள். கலெக்டருக்கு எழுதும் கடிதத்தின் நகலோடு கரூர் அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள், தொல்லியல் துறைக்கு எப்படிப் போவது என்று அங்கேயே சொல்வார்கள்.

டிடெக்டரை ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால், ஜேசிபி கரையில் கொட்டிய மண்மேட்டில் ஓட்டுங்கள். அது ஏற்கெனவே கலைந்த மண், புதிதாக எதையும் கெடுக்காது. எது வந்தாலும் எந்தக் குவியலில் வந்தது என்று எழுதிய கவரில் தனித்தனியாகப் போட்டுவிட்டு, அதையும் கடிதத்தில் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

நொய்யல்காட்டான்:
தார்ப்பாய் போட்டாயிற்று. கடிதத்தில் யார் எடுத்தது என்று எழுத வேண்டுமே என்று ஜேசிபி தம்பிக்கு போன் போட்டேன். தயங்கித் தயங்கிச் சொல்கிறார், அன்றைக்கு இன்னொரு காசும் கிடைத்ததாம், ராசிக்காக வீட்டில் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாராம். புளி போட்டீர்களா என்று பதறிப்போய்க் கேட்டேன். இல்லையாம், தினம் விபூதி போட்டுத் தேய்க்கிறாராம்.