புதுப்பிப்பு: ஹூண்டாய் கோனா என் (Kona N) காரை மலை ஏற்றிப் பார்த்தாச்சு

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: சின்ன எஸ்யூவியில் வேகமான பதிப்பு எடுத்தால் கோனா என்-இன் 2 லிட்டர் டர்போ எஞ்சின் போதுமா, ஆடி ஆர்எஸ் கியூ3-இன் 2.5 லிட்டர் ஐந்து சிலிண்டருக்குக் காத்திருக்கலாமா என்று. டர்போவே வேண்டாம், பெரிய எஞ்சின் போதும் என்றார் ஒரு அண்ணன்.

அண்ணா, கடலோர டர்பனில் அது சரி. ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேலே. அங்கே காற்று மெலிவு; டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். டர்போ காற்றை அழுத்தி அனுப்புவதால் பெரும்பகுதி ஈடாகிவிடும்.

சனிக்கிழமை நண்பரின் கோனா என்-இல், டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 (N3) நெடுஞ்சாலையில் போனேன். சக்தி 206 கிலோவாட், முறுக்கு விசை (டார்க்) 392 நியூட்டன் மீட்டர். அந்தச் சாலையின் வான் ரீனன் மலைக் கணவாயில் லாரி வரிசைக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். வலது தடம் காலியானது. மூன்றாம் கியரில் மிதித்தேன். ஒரு நொடி தயக்கம், பிறகு முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. ஸ்டீயரிங்கை மட்டும் இறுக்கிப் பிடிக்க வேண்டும்; முன்சக்கர இழுவைதானே, வேகமாக மிதித்தால் ஸ்டீயரிங் பக்கவாட்டில் இழுக்கும்.

ஐந்து சிலிண்டரின் 294 கிலோவாட்டும் அந்த உறுமலும் தனி அழகு. ஆனாலும் என் பணத்துக்கு 2 லிட்டர்தான். அடுத்த வாரம் முன்பணம் கட்டுகிறேன்.