முன்பக்கத்தில் நம்பர் பிளேட் இல்லாத கார்

குழு: மேலத்தெரு சொந்தங்கள்
சனிக்கிழமை, இரவு 8.05

கீர்த்தனா: [படம்]
புது வண்டி எடுத்தாச்சு. கோயிலில் பூஜை போட்டுவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன், அம்மா கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

வள்ளி: சிவப்பு நிறம் எடுப்பாக இருக்கிறது. இசக்கியம்மன் துணை இருப்பாள்.

சுப்பையா: நல்லா இரும்மா. முன்னால் நம்பர் பிளேட்டைக் காணோமே? பதிவு முடியாமல் ரோட்டில் எடுக்காதே.

கீர்த்தனா: பதிவு முடிந்தது மாமா. இங்கே அமெரிக்காவில், எங்கள் ஒஹாயோ மாநிலத்தில் 2020 ஜூலை 1 முதல் பின்பக்கம் மட்டும் இருந்தால் போதும்.

சுப்பையா: அதற்கு முன்னால்?

கீர்த்தனா: முன்பக்கமும் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லை என்றுதான் எங்கள் ஊரில் ஒருவரை நிறுத்தினார்கள். 2015 ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை மாலை. பெயர் சாமுவேல் டுபோஸ், 43 வயது, கறுப்பினத்தவர். நிறுத்தியவர் சின்சினாட்டி பல்கலைக்கழகப் போலீஸைச் சேர்ந்த ரே டென்சிங். லைசென்ஸ் கேட்டார், அவர் கையில் இல்லை. சில நிமிடங்களில் தலையில் சுட்டுவிட்டார்.

வள்ளி: ஐயோ. ஒரு நம்பர் பிளேட்டுக்கா?

கார்த்திக்: சின்சினாட்டி ஹராம்பே ஊர்தானே அக்கா? அந்தக் கொரில்லா!
[ஸ்டிக்கர்]

கீர்த்தனா: அதே ஊர்தான் கார்த்தி. கொரில்லா பெயர் உனக்குத் தெரிகிறது. டுபோஸ் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறாயா?

கார்த்திக்: இல்லை அக்கா. இப்போதுதான் கேட்கிறேன்.

சுப்பையா: எந்தக் கொரில்லா? எனக்கும் சொல்லுங்கள்.

கார்த்திக்: 2016 மே மாதம் மாமா. மூன்று வயதுப் பையன் மிருகக்காட்சி சாலையில் கொரில்லா இருந்த பள்ளத்துக்குள் விழுந்துவிட்டான். கொரில்லா அவனைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போனது. மயக்க ஊசி வேலை செய்ய நேரமாகும் என்று சுட்டுவிட்டார்கள். உலகமே கோபப்பட்டது. இன்னும் மீம் வருகிறது.

கீர்த்தனா: அந்தக் கோபம் யார் மேல் திரும்பியது என்று தெரியுமா? அந்தப் பையனின் அம்மா மேல். அவர் கறுப்பினப் பெண். பெற்றோரைப் பொறுப்பாக்க வேண்டும் என்று இணையத்தில் போட்ட மனுவில் 5 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்து. சில பத்திரிகைகள் அப்பாவின் பழைய வழக்குகளைத் தேடி எடுத்துப் போட்டன. பையன் பள்ளத்தில் விழுந்ததற்கும் அப்பாவின் பழைய வழக்குக்கும் என்ன சம்பந்தம்?

வள்ளி: நீ சொல்வது சரிதான். ஆனாலும் அது வாயில்லா ஜீவன் கீர்த்தி. தானாகவா வந்து கூண்டில் உட்கார்ந்தது? அதற்காக அழுததைத் தப்பு என்று சொல்லாதே. தெருவில் நான் ஆறு நாய்க்குச் சோறு வைக்கிறேன். மனுஷனுக்கே வழியில்லாதபோது நாய்க்கு என்ன என்று தினமும் ஒருவர் கேட்கிறார். கேட்கிறவர் எந்த மனுஷனுக்கும் ஒரு கை சோறு போட்டதில்லை.

கீர்த்தனா: சித்தி, அழுதது தப்பே இல்லை. நானும் அழுதேன். அதற்கு முந்தின வருஷம் சிங்கத்துக்கும் அழுதேன். செசில் ஞாபகம் இருக்கிறதா? ஜிம்பாப்வேயில் ஹுவாங்கே காட்டுக்குப் பக்கத்தில், அமெரிக்கப் பல் டாக்டர் ஒருவர் வேட்டையாடிய சிங்கம். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் கழுத்தில் பட்டை மாட்டிக் கண்காணித்து வந்தார்கள்.

வள்ளி: ஞாபகம் இல்லாமலா. அந்தச் சிங்கத்தின் படத்தை ஒரு மாதம் முகப்புப் படமாக வைத்திருந்தேன்.

கீர்த்தனா: நானும் வைத்தேன். இந்தத் தேதிகளைப் பாருங்கள். ஜூலை 28 இரவு ஜிம்மி கிம்மல் தன் டிவி நிகழ்ச்சியில் செசிலைப் பற்றிப் பேசும்போது குரல் உடைந்து கண் கலங்கினார். மறுநாள் 29ஆம் தேதி, டுபோஸைச் சுட்டபோது டென்சிங்கின் சட்டையில் மாட்டியிருந்த கேமராவின் வீடியோவை இங்கே வெளியிட்டார்கள். ஆகஸ்ட் 1 இரவு எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேல் சிங்கத்தின் முகத்தை ஒளியில் காட்டினார்கள். அதே ஜூலையில்தான் டெக்சாஸில் சாண்ட்ரா பிளாண்ட் என்ற கறுப்பினப் பெண். இண்டிகேட்டர் போடாமல் தடம் மாறினார் என்று நிறுத்திக் கைது செய்தார்கள். மூன்றாம் நாள் சிறை அறையில் பிணமாகக் கிடந்தார்.

கீர்த்தனா: போராட்டம் நடக்கவே இல்லை என்று சொல்லவில்லை. டுபோஸுக்காக இங்கே ஊர்வலம் போனது. நான் படிக்க வந்து ஒரு வருஷம். மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன், இறங்கிப் போகவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போன் பேசியபோது சிங்கத்தைப் பற்றித்தான் பேசினேன்.

சுப்பையா: ஒன்று கேட்கிறேன். சுட்டவர் தன் தரப்பில் என்ன எழுதிக் கொடுத்தார்?

கீர்த்தனா: கார் தன்னை இழுத்துக்கொண்டு போனது, உயிருக்குப் பயந்து சுட்டேன் என்றார். கூட இருந்த இன்னொரு போலீஸ்காரரும் அதைப் பார்த்ததாகச் சொன்னதாக அறிக்கையில் இருந்தது. வீடியோவில் அப்படி இழுத்துப் போகவில்லை என்று அரசு வழக்கறிஞரே சொன்னார்.

சுப்பையா: நான் 31 வருஷம் காக்கி போட்டவன். பயத்தில் ஒருவன் சுடுவதை என்னால் புரிந்துகொள்ள முடியும், மன்னிக்க முடியுமா என்பது வேறு. ஆனால் பக்கத்தில் நின்றவர் "நானும் பார்த்தேன்" என்று சொன்னதுதான் உறுத்துகிறது. கேமரா இல்லாத காலத்தில் அந்த ஒரு வரியோடு கேஸ் முடிந்திருக்கும். எத்தனை கேஸ் அப்படி முடிந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

வள்ளி: தண்டனை கிடைத்ததா இல்லையா?

கீர்த்தனா: இல்லை சித்தி. ஜோ டீட்டர்ஸ் என்ற அரசு வழக்கறிஞர் கொலை வழக்கே போட்டார். இரண்டு முறை விசாரணை, இரண்டு முறையும் ஜூரி ஒரு முடிவுக்கு வரவில்லை. 2017 ஜூலையில் வழக்கைக் கைவிட்டார்கள். குடும்பத்துக்குப் பல்கலைக்கழகம் 48.5 லட்சம் டாலரும், 12 பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பும் கொடுக்க ஒப்புக்கொண்டது. டென்சிங்குக்கும் 2018இல் 3 லட்சத்து 44 ஆயிரம் டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது.

வள்ளி: சுட்டவனுக்குமா!

கீர்த்தனா: ஆமாம். ஹராம்பே விஷயத்தில் அந்த அம்மா மேல் வழக்குப் போடுங்கள் என்ற நெருக்கடியும் அதே டீட்டர்ஸிடம்தான் வந்தது. அவர் மறுத்துவிட்டார். அந்தப் பெண் கூட வேறு மூன்று குழந்தைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார், சில நொடி திரும்பியதில் பையன் நழுவிவிட்டான், இது குற்றமில்லை என்றார்.

கார்த்திக்: அப்போ அக்கா, மிருகத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேர் வருகிறார்கள்?

கீர்த்தனா: ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன் கார்த்தி. செசில் செத்தபோது அது எத்தனை மானைக் கொன்றது என்று யாரும் கேட்கவில்லை. ஹராம்பே அந்தப் பையனை இழுத்ததைக்கூட, "காப்பாற்றப் பார்த்தது" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். டுபோஸ் செத்த உடனே வந்த கேள்வி என்ன? லைசென்ஸ் ஏன் இல்லை, பழைய கேஸ் என்ன, ஏன் கதவை மூடினார், ஏன் வண்டியைக் கிளப்பினார். நல்லவர் என்று முதலில் நிரூபித்தால்தான் அழுவார்கள். கொரில்லாவிடம் யாரும் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கவில்லை. ஒரு கறுப்பினத்தவர் செத்த பிறகும் அதைக் காட்ட வேண்டியிருக்கிறது. எனக்குக் கோபம் அதில்தான்.

வள்ளி: இது புரிகிறது. நாயை அடித்துப் போட்டால் நான் "அது யாரைக் கடித்தது" என்று கேட்கமாட்டேன். டிவியில் போலீஸ் ஒருவனைச் சுட்டார்கள் என்றால் "என்ன செய்தானோ" என்று வாயில் வந்துவிடுகிறது. போன வாரம்கூடச் சொன்னேன்.

சுப்பையா: எல்லோரும் சொல்கிறோம் வள்ளி. நானும் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

இரவு 9.20

மீனாட்சி: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். கீர்த்தி, நீ அங்கே முதலில் வாங்கின அந்தப் பழைய சாம்பல் கலர் கார், அதற்கு முன்பக்க பிளேட் இருந்ததா?

கீர்த்தனா: இருந்தது அம்மா. 2017 பனிக்காலத்தில் ஸ்க்ரூ துருப்பிடித்துக் கழன்று விழுந்துவிட்டது. ஒரு மாதம் இல்லாமல்தான் ஓட்டினேன்.

சுப்பையா: யாரும் நிறுத்தவில்லையா?

கீர்த்தனா: ஒரு தடவை நிறுத்தினார்கள் மாமா. ராத்திரி நேரம். லைசென்ஸும் வேறு பையில் மாட்டிக்கொண்டது. அவர் டார்ச் அடித்து முகத்தைப் பார்த்துவிட்டு, பயப்படாதீர்கள், சீக்கிரம் மாட்டிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மீனாட்சி: இதை நீ எங்களிடம் சொல்லவே இல்லையே.

கீர்த்தனா: சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லையே அம்மா. அடுத்த பத்தாவது நிமிஷம் வீட்டில் இருந்தேன்.